டயர் வெடிப்பது விதியல்ல

கோடை விடுமுறையிலும் பொங்கல், தீபாவளி நாள்களிலும் நாளிதழ்களில் தவறாமல் வரும் செய்தி ஒன்று உண்டு. குலதெய்வக் கோயிலுக்கோ உறவினர் திருமணத்துக்கோ போய்த் திரும்பிய குடும்பத்தின் கார், நான்கு வழிச் சாலையில் டயர் வெடித்து, கட்டுப்பாட்டை இழந்து, அரளிச்செடிகள் நிற்கும் நடுத்திட்டைத் தாண்டி, எதிரே வந்த லாரியில் மோதியிருக்கும். படித்துவிட்டு உச்சுக்கொட்டுகிறோம். டயர் வெடித்தால் யார்தான் என்ன செய்ய முடியும் என்று மனத்தைத் தேற்றிக்கொண்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம்.

இந்தத் தேறுதலை ஒரு நீதிமன்றம் ஏற்க மறுத்திருக்கிறது. 2010 அக்டோபரில் புணேயிலிருந்து மும்பை நோக்கிச் சென்ற கார் ஒன்று டயர் வெடித்துப் பள்ளத்தில் கவிழ்ந்தது. அதில் பயணம் செய்த ஒருவர் உயிரிழந்தார். அவருடைய குடும்பத்துக்கு இழப்பீடு வழங்கத் தீர்ப்பாயம் உத்தரவிட்டபோது, காப்பீட்டு நிறுவனம் மேல்முறையீடு செய்தது. டயர் வெடித்தது தெய்வச் செயல், அதற்கு ஓட்டுநர் பொறுப்பாக மாட்டார் என்பது அதன் வாதம். மும்பை உயர் நீதிமன்றம் 2023-இல் அந்த வாதத்தைத் தள்ளுபடி செய்தது. தெய்வச் செயல் என்பது மனிதக் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்ட இயற்கை நிகழ்வு. டயர் வெடிப்பது மனிதரின் கவனக்குறைவால் நேர்வது. அதிக வேகம், குறைவான அல்லது மிகையான காற்று, பழைய டயர், வெப்பம் என்று அதற்குக் காரணங்கள் உண்டு; புறப்படும் முன் டயரின் நிலையைப் பார்ப்பது ஓட்டுபவரின் கடமை என்பதே தீர்ப்பின் சாரம்.

கார் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் மனத்தில் நிறுத்த வேண்டிய தீர்ப்பு இது. திடீரென்று வெடித்ததாக நாம் நினைக்கும் பெரும்பாலான டயர்கள், பல வாரங்களாகவோ மாதங்களாகவோ அறிகுறி காட்டிக்கொண்டிருந்தவை. அவற்றைப் பார்க்க நமக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பார்க்கச் சொல்லி அரசும் கட்டாயப்படுத்தவில்லை.

டயர் செய்யும் மாநிலம்

இந்தியாவில் டயர் உற்பத்தி என்றதும் முதலில் நினைவுக்கு வரும் மாநிலங்களில் ஒன்று தமிழ்நாடு. 1946-இல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் சிறு கூடமாகத் தொடங்கிய எம்.ஆர்.எஃப்., இன்று நாட்டின் மிகப் பெரிய டயர் நிறுவனங்களில் ஒன்று. அரக்கோணத்திலும் பெரம்பலூர் மாவட்டத்திலும் அதற்கு ஆலைகள் உண்டு. ஒரகடத்தில் அப்போலோ, தேர்வாய்கண்டிகையில் மிஷ்லின், ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஜே.கே. டயரும் சியட்டும், மதுரையில் டி.வி.எஸ். ஸ்ரீசக்ரா என்று வரிசையாக ஆலைகள் நிற்கின்றன. பல்லாயிரம் தமிழ்க் குடும்பங்கள் டயரால் வாழ்கின்றன.

இதே மாநிலம்தான் சாலை விபத்துகளின் எண்ணிக்கையிலும் முன்வரிசையில் நிற்கிறது. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் அறிக்கைப்படி 2022-இல் தமிழ்நாட்டில் 64,105 விபத்துகள் நடந்தன. வேறெந்த மாநிலத்திலும் அந்த ஆண்டு இத்தனை விபத்துகள் பதிவாகவில்லை. 17,884 பேர் உயிரிழந்தார்கள். இவற்றில் டயரால் நேர்ந்தவை ஒரு பகுதிதான். வேகமும் மதுவும் தூக்கக் கலக்கமும் தவறான திசையில் ஓட்டுவதும் இன்னும் பெரிய காரணங்கள். ஆனால், வேகத்தில் போகும் ஒரு காரைத் தரையோடு பிடித்துவைத்திருப்பவை ஒவ்வொன்றும் உள்ளங்கை அளவே உள்ள நான்கு ரப்பர்ப் பரப்புகள். பிரேக் எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும், காற்றுப்பைகள் ஆறு இருந்தாலும், தரையைத் தொடுவது அந்த நான்கு பரப்புகள் மட்டுமே. அவை தவறினால் மற்றவை எதுவும் முழுமையாக உதவாது.

காற்று குறைந்தால் என்ன ஆகிறது?

டயருக்கு ஆணி பெரிய எதிரியல்ல. ஆணி குத்தினால் பெரும்பாலும் காற்று மெதுவாக இறங்கும். நிறுத்த நேரம் கிடைக்கும். உயிரைப் பறிப்பது காற்றுக் குறைவுதான். 185/65 ஆர் 15 என்ற பரவலான அளவுள்ள டயரை எடுத்துக்கொள்வோம். அதன் சுற்றளவு ஏறத்தாழ 1.95 மீட்டர். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் அது நிமிடத்துக்குச் சுமார் 850 முறை சுழல்கிறது. ஒவ்வொரு சுழற்சியிலும் தரையைத் தொடும் இடத்தில் டயரின் பக்கச்சுவர் மடங்கி நிமிர்கிறது. காற்று சரியாக இருந்தால் அந்த மடிப்பு சிறிது, குறைந்திருந்தால் பெரிது. மடங்கி நிமிரும் ரப்பர் சூடாகும். சென்னையிலிருந்து திருச்சி போய்ச் சேர்வதற்குள் அந்த மடிப்பு ஒன்றரை லட்சம் தடவைக்கும் மேல் நிகழ்ந்துவிடுகிறது. உள்ளே எஃகு இழைகளையும் ரப்பரையும் பிணைத்திருக்கும் கட்டு சூட்டில் தளர்கிறது. சித்திரை, வைகாசியில் நண்பகல் தார்ச் சாலையின் கொதிப்பும், காருக்குள் நெருக்கி உட்கார்ந்த ஆள்களின் எடையும், மேலே கட்டிய மூட்டையும் சேர்ந்துகொண்டால், ஒரு கட்டத்தில் பக்கச்சுவர் கிழிந்து டயர் வெடிக்கிறது.

இங்கேதான் நம் ஊரில் வேரூன்றிய ஒரு தவறான பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். வெயில் காலத்தில் காற்று விரிந்து டயர் வெடித்துவிடும், அதனால் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. குறைத்தே வை என்று அனுபவசாலிகளே சொல்வார்கள். இது நேர்மாறான அறிவுரை. ஓடும்போது சூட்டால் அழுத்தம் சில பி.எஸ்.ஐ. கூடும் என்பதைக் கணக்கில் வைத்துத்தான் கார் நிறுவனம் அளவைக் குறித்திருக்கிறது. முன்கூட்டியே காற்றைக் குறைத்தால் பக்கச்சுவர் கூடுதலாக மடங்கும். டயர் இன்னும் சூடாகும். எதைத் தவிர்க்க நினைத்தோமோ அதை நாமே வரவழைக்கிறோம்.

சரியான அளவு எங்கே எழுதியிருக்கிறது? ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் கதவுச் சட்டத்தில் ஓர் ஒட்டுத்தாள் இருக்கும்; சில கார்களில் பெட்ரோல் மூடியின் உட்புறம் இருக்கும். முன் சக்கரத்துக்கு எவ்வளவு, பின் சக்கரத்துக்கு எவ்வளவு, முழுப் பாரம் ஏற்றினால் எவ்வளவு என்று அதில் தனித்தனியாக அச்சிட்டிருப்பார்கள். டயரின் பக்கவாட்டில் பொறித்திருப்பது அந்த டயர் தாங்கக்கூடிய உச்ச அழுத்தம். அதை அளவாகக் கொண்டு காற்றடிக்கக் கூடாது. காலையில் வண்டி எடுத்த உடனே, இரண்டு மூன்று கிலோமீட்டருக்குள், டயர் குளிர்ந்திருக்கும்போது பார்ப்பதே சரியான அளவு. நெடுந்தூரம் ஓடிய சூட்டில் பார்த்து, அதிகமாக இருக்கிறதே என்று காற்றைத் திறந்துவிடுவது ஆபத்து. நல்ல டயரிலும் மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு பி.எஸ்.ஐ. தானாகக் குறையும். ஆகவே மாதம் இரு முறையும், ஒவ்வொரு வெளியூர்ப் பயணத்துக்கு முன்பும் பார்ப்பது கட்டாயம்.

நைட்ரஜன் அடித்துவிட்டோம், இனிக் கவலையில்லை என்று இருப்பவர்களும் உண்டு. நாம் சுவாசிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். தூய நைட்ரஜனால் ஈரப்பதம் குறையும், கசிவும் சற்றுக் குறையலாம். அடித்துக்கொள்வதில் தவறில்லை, சோதிக்காமல் விட்டுவிடுவதில்தான் தவறு.

டயரைப் படிக்கத் தெரிய வேண்டும்

டயரின் பக்கவாட்டில் உள்ள எழுத்துகளைப் பலர் ஒரு முறைகூடப் படித்ததில்லை. 185/65 ஆர் 15 88எச் என்றிருந்தால், அகலம் 185 மில்லிமீட்டர், பக்கச்சுவரின் உயரம் அந்த அகலத்தில் 65 சதவீதம், ரேடியல் வகை, ரிம்மின் விட்டம் 15 அங்குலம். 88 என்பது அந்த ஒரு டயர் 560 கிலோ தாங்கும் என்பதற்கான குறியீடு. எச் என்றால் மணிக்கு 210 கி.மீ. வரையிலான வேகத்துக்கு உரியது. விலை குறைவு என்பதற்காகவோ பார்வைக்கு எடுப்பாக இருக்கிறது என்பதற்காகவோ இந்த எண்கள் குறைந்த டயரை மாட்டக் கூடாது.

இன்னும் முக்கியமானது, ஒரு சிறு நீள்வட்டத்துக்குள் இருக்கும் நான்கு இலக்கம். 2321 என்றிருந்தால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்த டயர். ஓடாமல் நின்றாலும் ரப்பருக்கு வயதாகும். வாரம் ஒரு முறை மட்டும் காரை எடுப்பவர்களின் டயரில் பட்டன், அதாவது தரையைத் தொடும் ரப்பர்க் கட்டிகள், நிறைய இருக்கும். ஆனால் வெயிலில் நின்று நின்று பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருக்கும். ஐந்தாறு ஆண்டு கடந்த டயரை ஆண்டுதோறும் தேர்ந்தவரிடம் காட்ட வேண்டும். பத்து ஆண்டு கடந்த டயர் எவ்வளவு புதிதாகத் தெரிந்தாலும் அதில் குடும்பத்தை ஏற்றக் கூடாது. பழைய கார் வாங்குபவர்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்பதோடு ஐந்து டயர்களின் தேதியையும் பார்க்க வேண்டும்.

தேய்மானத்துக்குச் சட்டமே அளவு வைத்திருக்கிறது. மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989-இன் 94-ஆவது விதிப்படி காரின் டயரில் பட்டனின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. அளக்கக் கருவி தேவையில்லை. பள்ளங்களுக்கு நடுவே குறுக்காகச் சிறு மேடுகள் இருக்கும். பட்டன் அந்த மேட்டின் மட்டத்துக்குத் தேய்ந்துவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. அதற்குப் பிறகு ஓட்டுவது சட்ட மீறல். ஆனால், வடகிழக்குப் பருவமழையில் ஓட்டுகிறவர் அந்த எல்லை வரை காத்திருக்கக் கூடாது. புதிய டயரில் ஏழெட்டு மில்லிமீட்டர் இருக்கும் பள்ளம் மூன்றுக்குக் கீழே வந்துவிட்டால், சாலையில் தேங்கிய நீரை அதனால் முழுவதுமாக வெளியேற்ற முடியாது. டயருக்கும் தாருக்கும் நடுவே நீர்ப்படலம் நுழைந்து கார் மிதக்கத் தொடங்கும். ஸ்டீயரிங் திடீரென்று கனமற்றுப் போகும். கிழக்குக் கடற்கரைச் சாலையில் மழை நாளில் இதை உணர்ந்தவர்கள் உண்டு. அந்த நொடியில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, பிரேக்கை மிதிக்காமல், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்திருந்தால் டயர் மறுபடியும் தரையைப் பிடித்துக்கொள்ளும்.

தேய்ந்த விதத்தைப் பார்த்தாலே நோய் தெரியும். நடுப்பகுதி மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். இரு ஓரங்களும் தேய்ந்தால் காற்று குறைவு. ஓர் ஓரம் மட்டும் தேய்ந்தால் அலைன்மென்ட் சரியில்லை. அங்கங்கே குழி விழுந்தாற்போல் தேய்ந்தால் பேலன்சிங்கையோ ஷாக் அப்சார்பரையோ பார்க்க வேண்டும். பக்கவாட்டில் எலுமிச்சம்பழம் அளவுக்கு உப்பியிருந்தால், பள்ளத்திலோ நடைமேடை ஓரத்திலோ இடித்து உள்ளே இழைகள் அறுந்துவிட்டன என்று பொருள். அதற்கு ஒட்டும் வேலை எதுவும் கிடையாது. அந்த டயரை அன்றே கழற்றிவிட வேண்டும். அடுத்த மாதச் சம்பளம் வரட்டும் என்று தள்ளிப்போடக் கூடாது.

இரண்டு புதிய டயர் மட்டும் வாங்குகிறவர்கள் அவற்றை முன்னால் மாட்டச் சொல்வது வழக்கம். பின் சக்கரத்தில் மாட்டுவதே பாதுகாப்பு. முன் சக்கரம் வழுக்கினால் ஓட்டுநர் ஓரளவு சமாளிக்கலாம். ஈரச் சாலையில் பின் சக்கரம் வழுக்கினால் கார் சுழன்றுவிடும்.

வெடித்துவிட்ட அந்தச் சில நொடிகள்

எவ்வளவு கவனமாக இருந்தாலும் இரும்புத் துண்டோ கூர்மையான பள்ளமோ டயரைக் கிழித்துவிடலாம். மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் கார் நொடிக்கு 28 மீட்டர் பாய்கிறது. யோசித்து முடிவெடுக்க நேரமில்லை. எனவே அப்போது செய்ய வேண்டியதை முன்கூட்டியே மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டும்.

பெரும் சத்தம் கேட்டதும் கால் தன்னிச்சையாக பிரேக்குக்குப் போகும். அதைத் தடுப்பதுதான் முதல் வேலை. பிரேக்கை ஓங்கி மிதித்தால் வண்டியின் எடை முன்னால் சாயும். வெடித்த பக்கம் தரையில் இழுபட்டுக் கார் அந்தப் பக்கமே திரும்பிவிடும். இரண்டு கைகளாலும் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்து நேராக வைத்திருங்கள். முன் டயர் போனால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். பின் டயர் போனால் பின்பகுதி அலையும். இரண்டுக்கும் மருந்து ஒன்றே: நேர்கோட்டில் பிடித்திருப்பது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுக்காமல் மெல்ல மெல்லத் தளர்த்துங்கள். வெடித்த டயரின் உராய்வே வேகத்தைக் குறைத்துவிடும். வேகம் நன்றாகத் தணிந்த பிறகு பிரேக்கை மென்மையாகத் தொட்டு, இடப்பக்கக் குறிகாட்டியைப் போட்டு, சாலையின் இடது ஓரத்துக்கு வாருங்கள்.

இவ்வளவையும் செய்ய ஓட்டுநர் தன் இருக்கையில் நிலையாக இருக்க வேண்டும். சீட் பெல்ட் போடாதவர் முதல் குலுக்கலிலேயே ஸ்டீயரிங்கை விட்டுவிடுவார். பின் இருக்கையில் பெல்ட் போடாமல் இருப்பவர் முன்னால் இருப்பவர் மீது வந்து விழுவார். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு முன் இருக்கையில் உட்காரும் பழக்கத்தை இன்றே கைவிட வேண்டும்.

சாலையோரத்தில் இரண்டாவது ஆபத்து

டயர் வெடித்துத் தப்பியவர்கள், அதை மாற்றும்போது பின்னால் வந்த வண்டி மோதி இறந்த கொடுமையும் நம் சாலைகளில் நடக்கிறது. டயர் கெட்டுவிடுமே என்று சாலையின் நடுவிலோ வளைவிலோ பாலத்திலோ நிறுத்திவிடுவது பெரும் பிழை. காற்றில்லாத சக்கரத்தோடு மெதுவாக உருட்டியாவது லாரிகள் நிறுத்தும் ஒதுக்கிடத்துக்கோ பெட்ரோல் பங்க்குக்கோ அகலமான ஓரத்துக்கோ போய்விடுங்கள். டயரும் ரிம்மும் பாழாகட்டும். சில ஆயிரம் ரூபாயில் முடிந்துவிடும்.

நிறுத்தியதும் நான்கு மூலை விளக்குகளையும் எரியவிட வேண்டும். எல்லோரும் இடப்பக்கக் கதவு வழியே இறங்கி, தடுப்புக்கம்பிக்கு அப்பால், வண்டியைவிட்டு விலகி நிற்க வேண்டும். குழந்தைகளும் முதியவர்களும் காருக்குள்ளேயே இருக்கட்டும் என்பது தவறான இரக்கம். சிவப்பு எச்சரிக்கை முக்கோணத்தை நெடுஞ்சாலையில் குறைந்தது 50 மீட்டர் பின்னால், முடிந்தால் இன்னும் தள்ளி வைக்க வேண்டும். அது பல கார்களில் உறை பிரிக்காமலே கிடக்கிறது. மரக்கிளையையும் கல்லையும் வைத்துவிட்டு, போகும்போது அவற்றைச் சாலையிலேயே விட்டுச்செல்வது அடுத்து வருபவரைக் கொல்லும்.

இடம் சமதளமாகவும் சாலையைவிட்டு விலகியும் இருந்தால் மட்டுமே சக்கரத்தைக் கழற்றுங்கள். ஹேண்ட்பிரேக்கை இழுத்து, முதல் கியரில் வைத்து, மாற்றப்போகும் சக்கரத்துக்குக் குறுக்கே எதிர் மூலையில் இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். ஜாக்கியால் தூக்கும் முன்பே, சக்கரம் தரையில் இருக்கும்போதே, நட்டுகளைச் சற்றுத் தளர்த்திவிட வேண்டும். ஜாக்கியைக் காரின் அடியில் குறித்திருக்கும் இடத்தில் மட்டுமே கொடுங்கள். தூக்கிய வண்டிக்கு அடியில் கையோ தலையோ போகக் கூடாது. ஸ்டெப்னியை மாட்டியதும் நட்டுகளை வட்ட வரிசையில் முடுக்காமல், எதிரெதிராக மாற்றி மாற்றி முடுக்கி, வண்டியை இறக்கிய பிறகு இறுதியாக முடுக்க வேண்டும். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மறுபடியும் சரிபார்ப்பது நல்லது. பல புதிய கார்களில் ஸ்டெப்னி மற்ற டயர்களைவிடச் சிறியது. அதில் மணிக்கு 80 கி.மீ. என்று எல்லை எழுதியிருந்தால் அதை மீறாமல், அருகிலுள்ள பஞ்சர் கடை வரை மட்டுமே ஓட்ட வேண்டும்.

டயர் கடைகளில் காற்றழுத்தத் துப்பாக்கியால் நட்டுகளை இறுக்கிவிடுகிறார்கள். பிறகு நடுவழியில் வீல் ஸ்பேனரால் எவ்வளவு அழுத்தினாலும் அவை அசையாது. சக்கரத்தை மாட்டும்போதே, கடைசி முடுக்கைக் கைக்கருவியால் சரியான அளவுக்குப் போடச் சொல்லிக் கேட்பது வாடிக்கையாளரின் உரிமை. வீட்டில் கார் ஓட்டும் ஒவ்வொருவரும், ஆண் பெண் வேறுபாடின்றி, வீட்டு வாசலில் ஒரு முறையாவது சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பார்த்திருக்க வேண்டும். பகலில் கற்றது இரவில் கைகொடுக்கும். உங்களால் முடியாத இடத்தில் தயங்காமல் உதவி கேளுங்கள். தேசிய நெடுஞ்சாலையில் 1033, காயம் பட்டிருந்தால் 108.

2020-இல் வந்த விதித் திருத்தத்தால், 3.5 டன்னுக்கு உட்பட்ட பயணியர் வாகனங்கள், டயர் அழுத்தத்தைக் கண்காணிக்கும் கருவியும் பழுதுநீக்கும் பெட்டியும் இருந்தால் ஸ்டெப்னி இல்லாமலே விற்பனைக்கு வரலாம். அந்தப் பெட்டியில் இருக்கும் பசையும் சிறு கம்ப்ரசரும் ஆணித் துளைக்குத்தான் உதவும். பக்கச்சுவர் கிழிந்தால் அவற்றால் பயனில்லை. புதிய கார் வாங்குபவர்கள், குறிப்பாக மின்சார கார் வாங்குபவர்கள், பின்பெட்டியைத் திறந்து இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். டியூப்லெஸ் டயரில் ரப்பர் இழையைக் குத்தி அடைப்பது ஊர் போய்ச்சேரும் வரைக்கான ஏற்பாடு. டயரை ரிம்மிலிருந்து கழற்றி உட்புறம் ஒட்டுவதே முறையான பழுதுநீக்கம். பக்கச்சுவரில் விழுந்த துளையை எந்த முறையிலும் அடைக்கக் கூடாது.

டயரோடு முடிவதில்லை

காற்றைப் பார்க்கக் குனியும் அதே வேளையில் மற்றவற்றையும் பார்த்துவிடலாம். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது ஆயில் அளவு, கூலன்ட் மட்டம், பிரேக் ஆயில் மட்டம், பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் உப்பு, வைப்பர் ரப்பர், பிரேக் விளக்கு ஆகியவற்றைப் பார்க்கப் பத்து நிமிடம் போதும். ரேடியேட்டர் மூடியைச் சூட்டில் திறக்கவே கூடாது. வால்பாறையிலிருந்தோ கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளிலிருந்தோ இறங்குபவர்கள் குறைந்த கியரில் இறங்க வேண்டும். பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு பிரேக்கை மட்டும் நம்பினால் பிரேக் கொதித்துச் செயலிழக்கும். அந்தச் சூடு ரிம் வழியே டயருக்கும் போகும்.

அரசு என்ன செய்ய வேண்டும்?

தனிமனிதர் கவனம் மட்டும் போதாது. வாடகைக் கார், லாரி, பேருந்து ஆகியவை குறித்த காலத்தில் தகுதிச் சான்றுக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். சொந்த கார் 15 ஆண்டுகளுக்குப் பதிவு பெறுகிறது. அந்த 15 ஆண்டுகளில் அதன் டயரை அரசின் சார்பில் யாரும் முறையாகச் சோதிப்பதில்லை. அதே காரின் புகையை மட்டும் குறித்த காலத்தில் சோதித்துச் சான்று பெற வேண்டும். புகைச் சான்று தரும் நிலையத்திலேயே பட்டன் ஆழத்தையும் டயரின் தேதியையும் பக்கச்சுவரையும் பார்த்துப் பதிவுசெய்ய ஐந்து நிமிடம் ஆகாது. புதிய கட்டடமோ புதிய துறையோ தேவையில்லை. காப்பீட்டைப் புதுப்பிக்கும்போது அந்தப் பதிவைக் கேட்கவும் வழிசெய்யலாம்.

மகாராஷ்டிரம் ஒரு வழியைக் காட்டியிருக்கிறது. நாகபுரி – மும்பை சம்ருத்தி விரைவுச் சாலையின் முதல் பகுதி 2022 டிசம்பரில் திறக்கப்பட்ட பின் விபத்துகள் தொடர்ந்தன. போக்குவரத்துத் துறையினர் நுழைவிடங்களில் டயரைச் சோதித்து, தேய்ந்த டயருடன் வந்த வண்டிகளைத் திருப்பி அனுப்பினார்கள். அதே சாலையில் 2023 ஜூலை 1 அன்று பேருந்து தீப்பிடித்து 25 பேர் இறந்தபோது, டயர் வெடித்ததுதான் காரணம் என்றார் ஓட்டுநர். ஆய்வுசெய்த வட்டாரப் போக்குவரத்து அலுவலகம் அதற்குத் தடயம் இல்லை என்று அறிக்கை தந்தது. டயரின் மீது பழியைப் போட்டுவிட்டுப் போவது எவ்வளவு எளிது என்பதற்கு அதுவே சான்று. நம் காவல் நிலையங்களும் இனி ‘டயர் வெடித்தது’ என்ற ஒரு வரியோடு நிறுத்தாமல், அந்த டயரின் வயதையும் பட்டன் ஆழத்தையும் முதல் தகவல் அறிக்கையோடு சேர்க்க வேண்டும். காரணம் பதிவானால்தான் தீர்வு பிறக்கும்.

பண்டிகை நாள்களில் சென்னையைவிட்டு வெளியேறும் வண்டிகள் பரனூர் சுங்கச்சாவடியில் மணிக்கணக்கில் வரிசை கட்டுகின்றன. அங்கும் விக்கிரவாண்டியிலும் சமயபுரத்திலும் சுங்கம் வசூலிக்கும் நிறுவனங்கள், ஒதுக்கிடம் அமைத்து இலவசமாகக் காற்றைச் சோதித்துத் தரட்டும். பெட்ரோல் பங்க்குகள் இலவசமாகக் காற்று தர வேண்டும் என்பது எண்ணெய் நிறுவனங்களின் விதி. கருவி பழுது என்ற அட்டையே பல இடங்களில் பதிலாகத் தொங்குகிறது. பெட்ரோல் அளவைச் சரிபார்த்து முத்திரையிடும் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவு, காற்றுமானியின் அளவையும் சரிபார்க்க வேண்டும். ஓட்டுநர் உரிமத் தேர்வில் டயரைச் சோதிப்பதும் சக்கரத்தை மாற்றுவதும் செய்முறையாக இடம்பெற வேண்டும். நள்ளிரவிலும் கைவிளக்கோடு நம்மைக் காப்பாற்றும் சாலையோரப் பஞ்சர் கடைக்காரர்களுக்குத் திறன் மேம்பாட்டுக் கழகத்தின் வழியே பயிற்சியும் நல்ல கருவிகளும் கிடைக்க வேண்டும். அவர்கள் நெடுஞ்சாலையின் முதல் வரிசைக் காவலர்கள்.

அடுத்த முறை பெட்ரோல் போட நிற்கும்போது, டயரை எட்டி உதைத்துப் பார்த்துவிட்டுப் புறப்படாதீர்கள். கதவில் எழுதியிருக்கும் அளவைப் படித்து, ஸ்டெப்னியையும் சேர்த்து ஐந்து சக்கரங்களையும் கருவியால் சோதியுங்கள். வண்டியில் வரும் பிள்ளைகளை அருகில் அழைத்து, அந்த எண் என்ன, ஏன் பார்க்கிறோம் என்று சொல்லிக்கொடுங்கள். பத்து நிமிடமும் சிறிது கவனமும்தான் இதற்குச் செலவு. இதைச் செய்யாமல் விட்ட ஒரு குடும்பத்துக்கு நேரும் இழப்பை எந்தத் தீர்ப்பாயத்தின் இழப்பீடும் ஈடுசெய்யாது.